காலி வண்டி ஓடக்கூடாது

தன் வண்டி தினமும் சாயங்காலம் காலியாக ஓடுகிறது என்கிற விஷயம் அய்யாசாமிக்கு அடுத்தவர் சொல்லித்தான் தெரியவந்தது. அதுவரைக்கும் அவர் வண்டி நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு போவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். விவரம் தெரியாத மனிதர்.

நீலாம்பரி நிட்வேர் என்கிற பனியன் கம்பெனிக்குத் தலைமை ஃபேக்டரி திருப்பூரில். தையல் கிளை தாராபுரம் ரோட்டில், அவிநாசிபாளையத்தில். இரண்டுக்கும் நடுவே ஓடுவது அய்யாசாமியின் சின்ன யானை என்கிற குட்டிச் சரக்கு வண்டி. காலையில் தைத்த உருப்படிகளை ஏற்றிக்கொண்டு திருப்பூர் வருவார். வெட்டிய பீஸ்களைக் கட்டுக்கட்டாக எடுத்துக்கொண்டு கிளைக்குத் திரும்புவார். மறுபடி உருப்படி, மறுபடி திருப்பூர். ஷிப்ட் முடிந்ததும் அவிநாசிபாளையத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு வண்டியைத் திருப்புவார். அந்தக் கடைசி நடைக்குக் கொண்டுபோகச் சரக்கு எதுவும் கிடையாது. அதனால் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் அந்தப் பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் ஏறிக்கொள்வார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்று சட்டம் இருப்பது அய்யாசாமிக்குத் தெரியும். சட்டத்துக்கும் அய்யாசாமியைத் தெரியும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசிக்கொள்வார்கள்.

முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை சீட் அவர் மகள் விஜயகுமாரியினுடையது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவள், அடம்பிடித்து வேலைக்குச் சேர்ந்து, இப்போது பேக்கிங் இன்சார்ஜுக்கு அடுத்த ஆள். ஒரு பெட்டிக்குள் எத்தனை சைஸ், எத்தனை கலர் என்று அவள் சொன்னால்தான் பெட்டி மூடும். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் முகம் வாடிப்போய் உட்கார்ந்திருப்பாள்.

அய்யாசாமியின் மனைவி மருதாள் மகளை வேலைக்கு அனுப்பியதே இந்த வண்டியை நம்பித்தான். "அப்பங்கூடப் போயி அப்பங்கூட ஊட்டுக்கு வாரதுன்னாப் போகட்டுமுங்க. பஸ்ஸுல தொங்கீட்டு வாரதுன்னா வேண்டாம். என்ற தம்பி வெள்ளகோவில்ல ஒரு எடம் பாத்து வச்சிருக்கறான். அதையே பேசி முடிச்சிரலாம்" என்று முதல் நாளே அவள் புருசனிடம் சொல்லிவிட்டாள். வெள்ளகோவில் இடம் அன்றிலிருந்து அந்த வீட்டுக் கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கையில்தான், இரண்டாயிரத்து ஏழாம் வருடம், பூமியைக் காப்பாற்றும் பொறுப்பு நீலாம்பரி நிட்வேரிடம் வந்து சேர்ந்தது.

பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி கடிதம் போட்டிருந்தது. நூல் மில்லிலிருந்து கப்பல் வரைக்கும் சரக்கு போகும் வழி முழுவதும் நிலைத்த தன்மை உடையதாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும். நிலைத்த தன்மை என்றால் என்ன என்று முதலாளி குமாரசாமிக்கு விளங்கவில்லை. ஆர்டர் போய்விடும் என்பது விளங்கியது. உடனே சென்னையிலிருந்து சிவசுப்பிரமணியம் என்கிற ஆலோசகரை வரவழைத்தார். அவர் கோயமுத்தூர் வரைக்கும் விமானத்தில் வந்து, அங்கிருந்து ஏழு பேர் உட்காரும் காரில் தனியாக வந்து இறங்கினார். பின்சீட்டில் அவருடைய கோட்டு படுத்துக்கொண்டு வந்தது.

நொய்யல் கரை ஓரமாக இருக்கும் ஒரு ஓட்டலின் குளிர்சாதன ஹாலில் கூட்டம். ஆற்று வாடை வராமல் இருக்க ஜன்னல்களை மூடி, இடுக்கில் டேப் ஒட்டியிருந்தார்கள். மேஜைக்கு மேஜை பாட்டில் தண்ணீர். டிரைவர்களும் வரவேண்டும் என்று உத்தரவானதால், அய்யாசாமி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"நண்பர்களே, நாம் பனியன் தைக்கவில்லை" என்று ஆரம்பித்தார் சிவசுப்பிரமணியம். தையல் மாஸ்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாம் ஒரு சங்கிலியைத் தைக்கிறோம். பருத்திக்காட்டில் தொடங்கி, வெளிநாட்டில் ஒரு குழந்தையின் தோளில் முடிகிற சங்கிலி. அதில் ஒரு வண்டி காலியாக ஓடும் ஒவ்வொரு மைலிலும் பூமித்தாய் ஒரு முறை இருமுகிறாள்."

சாயப்பட்டறைக்காரர் ஒருவர் எழுந்து, "ஏனுங்க, ஆத்தைப் பத்தி ஏதாச்சும் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டோமே என்கிற பயத்தோடு உட்காரவும் செய்தார்.

"ஆறு நம் சங்கிலிக்கு வெளியே ஓடுகிறது" என்றார் சிவசுப்பிரமணியம் கனிவாக. "அதை அடுத்த வருடத் தலைப்பாக வைத்திருக்கிறோம்."

எல்லோருக்கும் நிம்மதியாகப் போயிற்று. பிறகு திரையில் ஒரு படம் வந்தது. சரக்கோடு ஓடும் வண்டிகளெல்லாம் பச்சைக் கோடு. காலியாக ஓடும் வண்டி சிவப்புக் கோடு. மொத்தப் படத்திலும் ஒரே ஒரு சிவப்புக் கோடுதான் இருந்தது. அது திருப்பூரில் கிளம்பி அவிநாசிபாளையத்தில் போய் நின்றது.

"இந்த வண்டி யாருடையது?"

அய்யாசாமி எழுந்தார். கூட்டத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூமித்தாயை இரும வைத்த ஆளை யாருக்குத்தான் பார்க்க ஆசை இருக்காது. "அது காலியா ஓடறதில்லீங்களே சார். அதுல நம்ம பேக்கிங்…" என்று ஆரம்பித்தவரின் காலைப் பக்கத்தில் நின்ற மேனேஜர் மோகன்ராஜ் ஷூ காலால் அழுத்தி மிதித்தார். அய்யாசாமி மிச்சத்தை விழுங்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மோகன்ராஜ் நல்ல மாதிரி. வெளியே கூட்டிவந்து பக்குவமாக விளக்கினார். "அண்ணா, வண்டி காலின்னு சொன்னா அது ஒரு சின்னக் குறை. சரி பண்ணிக்கலாமுங்க. அதுல பொம்பளைங்க ஏறி வாராங்கன்னு தெரிஞ்சா ஆர்டரே போயிரும். அதனால வண்டி காலியாத்தான் ஓடுது. தெரிஞ்சுக்குங்க."

"அப்ப அவங்க எதுல வாராங்கன்னு வச்சுக்கறதுங்க?"

"அவங்க வாரதே இல்லைன்னு வச்சுக்குங்க."

அடுத்த வாரமே உத்தரவு ஒட்டினார்கள்: காலி வண்டி ஓடக்கூடாது. சாயங்காலம் கிளைக்குக் கொண்டுபோகச் சரக்கு இல்லையே என்று அய்யாசாமி கேட்டபோது, மோகன்ராஜ் தலையைச் சொறிந்துகொண்டு குடோனைச் சுற்றிவந்தார். குடோனில் ஏற்றுமதிக்கு வைத்திருந்த அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"இதைக் கொண்டுபோங்க."

"காலிப் பொட்டிங்களா?"

"பொட்டி காலியா இருக்கலாமுங்கண்ணா. வண்டிதான் காலியா இருக்கக்கூடாது."

அய்யாசாமிக்கு அப்போதும் கவலை தட்டவில்லை. அட்டைப்பெட்டிகள் மடித்த நிலையில்தான் வரும். ஒரு கட்டை மூலையில் போட்டால் மேலேயே இரண்டு பெண்கள் உட்கார்ந்துகொள்ளலாம். அப்படித்தான் ஒரு வாரம் ஓட்டினார். சிவசுப்பிரமணியம் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எடை கணக்கில்லை, இடம்தான் கணக்கு. மடித்த பெட்டி வண்டியில் நாலு சதவீதத்தைக்கூட அடைக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு சாயங்காலமும் பெட்டிகளைப் பிரித்து, நிமிர்த்தி, அடியிலும் மேலேயும் டேப் ஒட்டி, கூண்டின் கூரை வரைக்கும் அடுக்கவேண்டும் என்று ஆனது. மறுநாள் காலையில் அவிநாசிபாளையத்தில் இரண்டு ஆட்கள் டேப்பைக் கிழித்து, பெட்டியை மடித்து, உருப்படிகளோடு திருப்பூருக்கே திருப்பி அனுப்புவார்கள். டேப் ஒட்டும் வேலை பேக்கிங் செக்‌ஷனுக்கு வந்தது. பேக்கிங்கில் அதை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு விஜயகுமாரியின் தலையில் விழுந்தது.

"உள்ள ஒண்ணுமில்லாத பொட்டிக்கு எதுக்குங்கப்பா டேப்பு?" என்று அவள் முதல் நாள் கேட்டாள்.

"தெரியலியே கண்ணு. உள்ளாற இருக்கற காத்து வெளிய போயிரும்னு இருக்குமோ என்னமோ."

அவள் சிரித்தாள். பின்னால் ஏற வந்த பெண்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கூண்டுக் கதவைத் திறந்தால் பெட்டி; பெட்டிக்கு மேல் பெட்டி. அவர்களில் சுப்புலட்சுமி கையில் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு நின்று, "ஏனுங்கண்ணா, எங்களவிட அட்டைப்பொட்டி ஒசத்தியாப் போச்சுங்களா?" என்று கேட்டாள். அய்யாசாமி ஸ்டியரிங்கைத் துடைத்தார். பெண்கள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்கள். அவருக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆனாலும் மகள் முன்சீட்டில் இருக்கிறாள் என்கிற ஒரு ஆறுதல் இருந்தது. மனிதனுக்கு அப்படித்தான், தன் சீட்டு பத்திரமாக இருக்கிற வரைக்கும் ஆறுதலுக்குக் குறைவிருக்காது.

அந்த ஆறுதல் ஆரோக்கியராஜ் வருகிற வரைக்கும்தான்.

வண்டி நிறைந்துதான் போகிறது என்பதற்கு என்ன சாட்சி என்று வெளிநாட்டுக் கம்பெனி கேட்டிருந்தது. நியாயமான கேள்வி. ஆகவே நிறைவு அலுவலர் என்று ஒரு பதவியை உண்டாக்கி, செக்கிங் செக்‌ஷனில் இருந்த ஆரோக்கியராஜின் கழுத்தில் அட்டையை மாட்டிவிட்டார்கள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளை. கிளம்பும் இடத்தில் கூண்டுக்குள் எட்டிப்பார்த்து நிறைவு என்று சொல்லவேண்டும். சேரும் இடத்தில் எட்டிப்பார்த்து நிறைவு என்று சொல்லவேண்டும். நடுவழியில் யாரும் பெட்டிகளை இறக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள, வண்டியிலேயே உட்கார்ந்து போகவேண்டும். வண்டியில் இருந்தது ஒரே ஒரு சீட்.

"அண்ணே, இந்த வேலைய நானா கேட்டேன்? கூப்புட்டுக் குடுத்தாக, வாங்கிக்கிட்டேன்" என்று அவன் முதல் நாளே அய்யாசாமியிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னான். "தங்கச்சி சீட்டுல ஒக்காரவே எனக்குக் கூச்சமா இருக்குண்ணே."

கூச்சம் தாங்காமல் ஒரு நாள் அவன் சீட்டை விஜயகுமாரிக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, பின்னால் பெட்டிகளின் மேல் படுத்துக்கொண்டான். கூரைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத்தான் இடம். பல்லடத்து ரோட்டைத் தாண்டுவதற்குள் முதல் அடுக்கு உட்கார்ந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒவ்வொரு அடுக்காக இறங்கிப்போய், அவிநாசிபாளையத்தில் கதவைத் திறந்தபோது அவன் வண்டியின் தரையில், நசுங்கிய அட்டைகளுக்கு நடுவே மல்லாக்கக் கிடந்தான். சங்கிலியில் அன்றைக்கு நிறைவு முப்பது சதவீதம். எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். காற்றின் தரம் சரியில்லை என்று எழுதிக்கொடுத்தான். ஏற்றுக்கொண்டார்கள்.

ஆரோக்கியராஜுக்கு அறை திருப்பூரில். அவனை அவிநாசிபாளையத்திலிருந்து திரும்பக் கூட்டிவர ஆபீஸ் கார் ஒன்று தினமும் போயிற்று. போகும்போது டிரைவரைத் தவிர அதில் யாரும் கிடையாது. காலி வண்டி ஓடுவதில்லை என்று சாட்சி சொல்கிறவனை அழைத்துவர ஒரு கார் காலியாக ஓடியது. இதைப் பார்த்ததும் அய்யாசாமிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நேரே மோகன்ராஜிடம் போனார்.

"ஏனுங்க சார், அந்தக் காரு எங்கூருக்குச் சும்மாத்தானுங்களே போகுது. எம்பட பொண்ணு அதுல ஏறிக்கட்டுமுங்களா?"

மோகன்ராஜ் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். "அண்ணா, அது அட்மின் வண்டிங்க. சங்கிலியில சேராது. சேராத வரைக்கும் அது காலியாப் போனா யாரும் கேக்க மாட்டாங்க. பேக்கிங் ஆள் ஒருத்தர் ஏறினா அது சங்கிலிக்குள்ள வந்துரும். வந்துட்டா, ஏன் இத்தனை நாளு காலியா ஓட்டுனீங்கன்னு கேப்பாங்க. உங்க புள்ளையினால கம்பெனிக்குக் கெட்ட பேரு வரோணுமா?"

வேண்டாம் என்றுதான் அய்யாசாமி சொன்னார். வேறு என்ன சொல்வது.

விஜயகுமாரி பஸ்ஸில் வர ஆரம்பித்தாள். ஷிப்ட் விடும் நேரத்துத் தாராபுரம் பஸ்ஸைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. உள்ளே இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம், படியில் கால் வைக்க இடம் கிடைத்தாலும் அதிர்ஷ்டம். சில நாள் அய்யாசாமியின் வண்டி அந்த பஸ்ஸின் பின்னாலேயே வரும். கூட்டத்தின் கனத்தில் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும். படியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொண்டு தொங்குவது தன் மகள்தானா என்று பார்க்க அவர் ஹெட்லைட்டைத் தூக்கிப் போடுவார். சில சமயம் அவள்தான். பின்னால் கூண்டு நிறையக் காற்றை வைத்து டேப் ஒட்டி ஏற்றிக்கொண்டு, பெற்ற பெண்ணைப் படியில் தொங்கவிட்டு ஓட்டுகிற வேலையை எந்த அப்பனும் செய்யக்கூடாது. அவர் செய்தார். ஆரோக்கியராஜ் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொள்வான்.

மருதாள் இரண்டு வாரம் பொறுத்தாள். அதற்குமேல் தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள்.

இதற்கு நடுவில் சங்கிலி இன்னொரு பக்கமும் இறுகியது. திருப்பூருக்கு வரும் வண்டியும் கூரை வரை நிறைந்தால்தான் கிளம்பலாம் என்றார்கள். முக்கால் வண்டி உருப்படி தயாராக இருக்கும். கால் வண்டிக்காகக் காத்திருப்பார்கள். காத்திருந்து காத்திருந்து, தூத்துக்குடியில் கப்பல் போய்விட்டது. தேதிக்குள் போகாவிட்டால் சரக்கை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று வெளிநாட்டிலிருந்து தகவல் வந்தது. குமாரசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் மொத்தச் சரக்கையும் விமானத்தில் ஏற்றி அனுப்பினார். திருப்பூரில் ஒரு முதலாளிக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது.

"ஏனுங்க, விமானம் ரொம்பப் பொகை விடுமாமே, இப்ப நம்ம சங்கிலி என்ன ஆகறது?" என்று அவர் சிவசுப்பிரமணியத்திடம் கேட்டார்.

சிவசுப்பிரமணியம் படத்தை விரித்துக் காட்டினார். "கவலைப்படாதீர்கள். நம் சங்கிலியின் எல்லை ஃபேக்டரி கேட்டோடு முடிகிறது. கேட் வரைக்கும் இந்த மாதம் நூறு சதவீதம். அதற்குமேல் வானம். வானத்தை நாம் இன்னும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளவில்லை."

அவர் அத்தோடு நிற்கவில்லை. பென்சிலால் படத்தில் ஓர் இடத்தைத் தட்டினார். கணக்கில் இன்னும் ஒரு ஓட்டை இருந்தது. பேக்கிங் பெண்கள் அவிநாசிபாளையம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

"வேலைக்கு வருவது உற்பத்தி சார்ந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன்" என்றார். "ஆனால் வேலை முடிந்து தினமும் வீட்டுக்குப் போவது? அதனால் பனியனுக்கு என்ன லாபம்? போன ஆள் மறுநாள் அதே இடத்துக்குத்தானே வரப்போகிறார்? இது தூய விரயம். ஒரு பெண் வீட்டுக்குப் போகாமல் இருந்தால் வருடத்துக்கு இத்தனை கிலோ புகை மிச்சம். தயவுசெய்து நான் உணர்ச்சியில்லாதவன் என்று நினைக்காதீர்கள். எனக்கும் மகள் இருக்கிறாள். அவளை ஊட்டியில் தங்கிப் படிக்கும் பள்ளியில்தான் சேர்த்திருக்கிறேன்."

ஃபேக்டரியின் மூன்றாவது மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, ஹாஸ்டல் வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகலாம். செல்போன் கூடாது. வார்டனிடம் கேட்டால் அவர் போனில் பேசலாம். ஹாஸ்டலுக்கு வராதவர்கள் நின்றுகொள்ளலாம். சுப்புலட்சுமிக்குக் கைப்பிள்ளை இருந்தது. அவள் அன்றைக்கே நின்றுவிட்டாள். இன்னும் சிலரும் நின்றார்கள்.

அய்யாசாமி வீட்டில் அன்றைக்கு மச்சான் வந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளகோவில் மாப்பிள்ளையின் போட்டோ மேஜைமேல் இருந்தது. குறை சொல்ல முடியாத போட்டோதான். மருதாள் காபி வைத்துக்கொண்டே பேசினாள். "இனி என்னுங்க யோசனை? வண்டியும் இல்ல, பஸ்ஸும் ஆகாது. வேலையை உட்டுப்போட்டு ஊட்டுல இருக்கட்டும். தை மாசம் முடிச்சிரலாம்."

விஜயகுமாரி வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் போட்டோவைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"நான் ஆஸ்டல்லயே இருந்துக்கறனுங்கம்மா."

"என்ன கண்ணு சொல்ற? மாசத்துக்கு ஒருக்காத்தான் உடுவாங்களாமா. செயிலாட்டம்."

"இந்த வேலையை உட்டுட்டா எனக்குன்னு வேற ஒண்ணும் இல்லீங்கம்மா. ஒரு வருசம். அதுக்குள்ள இன்சார்ஜ் பண்ணிருவாங்க." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்பா தெனமும் அங்க வாராங்கல்லொ. பாத்துக்கலாம்."

அய்யாசாமி ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். கம்பெனியில் போய்ச் சத்தம் போட்டிருக்கலாம், வண்டியை நிறுத்தியிருக்கலாம். போட்டால் வேறு வண்டி வரும், நிறுத்தினால் மகள் வேலையும் சேர்ந்து நிற்கும். அவர் தலையை மட்டும் ஆட்டினார். திங்கட்கிழமை காலையில் அவளுடைய தகரப்பெட்டியையும் ஒரு பாயையும் உருப்படிகளுக்கு நடுவே ஏற்றிக்கொண்டு போனார். வண்டி அன்றைக்கும் நிறைவுதான்.

தினமும் பார்த்துக்கலாம் என்பது பாதி நிஜமாயிற்று. லோடு ஏற்றும் இடத்தில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். டிரைவர்கள் அதைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. பெட்டி ஏற்றி முடிகிற வரைக்கும் விஜயகுமாரி கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பாள்.

"சாப்பிட்டியா கண்ணு?"

"ஆச்சுங்கப்பா. அம்மா?"

"நல்லாத்தான் இருக்கறா. உள்ள வெக்கையா இருக்குதா?"

"பரவால்லீங்க. ஃபேன் இருக்குது."

தகரத்துக்குக் கீழே ஃபேன் சுற்றினால் எந்தக் காற்று வரும் என்று அவருக்குத் தெரியும். மேலே கேட்கமாட்டார். அதற்குள் கடைசிப் பெட்டி ஏறியிருக்கும். ஒருநாள் ஒரு பெட்டி மட்டும் கனமாக இருந்தது. ஆரோக்கியராஜ் தூக்கிப் பார்த்துவிட்டு, மேல் வரிசையில் வைத்தான். வீட்டில் போய்ப் பிரித்தால், மருதாள் கொடுத்துவிட்ட எள்ளுருண்டை டப்பா கழுவித் துடைத்து, அதற்குள் இரண்டு முழம் மல்லிகைப் பூ. வார்டனோடு கோயிலுக்குப் போனபோது வாங்கியது. மருதாள் அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. சாமி படத்துக்கும் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

வருடக் கடைசியில் பாராட்டு விழா நடந்தது. அதே ஓட்டல், அதே ஹால், ஜன்னலுக்குப் புது டேப். வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். ஆளுக்கொரு செடி கொடுத்தார்கள். வருடம் முழுக்கக் காலியாக ஓடாத வண்டி என்று அய்யாசாமியை மேடைக்கு அழைத்து, மூன்றாவது நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பேக்கிங் பெண்களைக் கைதட்டுவதற்காக இரண்டு வரிசைகளில் உட்காரவைத்திருந்தார்கள். விஜயகுமாரி இரண்டாவது வரிசையில் இருந்தாள். கம்பெனி பனியன் போட்டிருந்தாள். முகம் கொஞ்சம் இளைத்திருந்தது. இத்தனை தள்ளி உட்கார்ந்து முழுசாகப் பார்த்ததால்தான் அய்யாசாமிக்கு அது தெரிந்தது.

முதலாளி குமாரசாமி எழுதிவைத்ததைப் படித்தார். "சென்ற ஆண்டு எங்கள் பேக்கிங் பிரிவில் எட்டுப் பெண்கள் தினந்தோறும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அனைவரின் ஒத்துழைப்பாலும் அந்த எண்ணிக்கையை இன்று பூஜ்யமாகக் குறைத்திருக்கிறோம். இந்தச் சாதனை ஒரு நாளில் வந்ததல்ல. வரும் ஆண்டில் இதைத் தையல் பிரிவுக்கும் விரிவுபடுத்துவோம் என்று உறுதி கூறுகிறேன்."

கைதட்டல் எழுந்தது. பெண்களும் தட்டினார்கள். தட்டத்தான் உட்காரவைத்திருந்தது.

வெளிநாட்டு அம்மாள் அய்யாசாமியின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். மோகன்ராஜ் குனிந்து தமிழில் சொன்னார். "இந்தத் திட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை உங்க வாயால சொல்லோணுமாமுங்க."

அய்யாசாமி மைக்கைப் பார்த்தார். பேசிப் பழக்கமில்லை. எழுந்து நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். "இந்தப் பொட்டி ஏத்தற எடத்துல முன்னால எம்பொண்ணும் அந்தப் புள்ளைங்களும் வந்தாங்க. அவங்க வந்தப்பத்தானுங்க வண்டி நெறஞ்சு இருந்துது. இப்ப காலியாத்தானுங்க ஓட்டறேன். வேற ஒண்ணுமில்லீங்க."

ஹாலில் தமிழ் தெரிந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். மோகன்ராஜுக்கு வியர்த்தது. அவர் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். அந்த அம்மாளின் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து அய்யாசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கி, கண்ணாடி மாதிரி பளபளக்கும் கேடயம் ஒன்றைக் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். அய்யாசாமி இரண்டாவது வரிசையைத் தேடினார். பெண்களை எழுப்பி வரிசையாக வெளியே கூட்டிப்போய்க்கொண்டிருந்தார் வார்டன். ஹாஸ்டலுக்கு நேரமாகிவிட்டது.

அன்றைக்கும் பெட்டிகளை ஏற்றி, ஆரோக்கியராஜை ஏற்றி, அவிநாசிபாளையத்தில் இறக்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தார். மருதாள் வாசலுக்கு வந்து, வழக்கம்போல வண்டியின் முன்சீட்டை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். அங்கே அந்தக் கேடயம்தான் இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்து எதுவும் அவளுக்குப் புரியவில்லை.

"இது என்னத்துக்குங்க குடுத்தாங்க?"

அய்யாசாமி கால் கழுவத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். நிமிராமல் சொன்னார்.

"நம்ம புள்ள ஊட்டுக்கு வராம இருக்குதல்லொ, அதுக்கு."